சார்லி ஹேடன்: இவ்வளவு குறைவாக வாசிப்பவருக்கு ஏன் இவ்வளவு பெயர்?

கேள்வியன்

ஜாஸ் இசையில் மிங்கஸ், பால் சேம்பர்ஸ், ரான் கார்ட்டர் என்று, ஆளுயரம் நிற்கும் தந்தி வாத்தியமான டபுள் பேஸ் பக்கமாகக் கொஞ்ச நாளாகக் கேட்டு வருகிறேன். எந்தப் பட்டியலைப் பார்த்தாலும் சார்லி ஹேடன் பெயர் வந்து நிற்கிறது. சரி, பார்த்துவிடலாம் என்று கீத் ஜாரெட்டின் பியானோவோடு அவர் வாசித்த ‘ஜாஸ்மின்’ போட்டேன். இனிமையாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பேஸ்காரர் அதில் என்னதான் செய்கிறார்? ஒரு ஸ்வரம் போடுகிறார், காத்திருக்கிறார், அடுத்ததைப் போடுகிறார். சோலோ (தனி வாசிப்பு) வந்தாலும் மேலே ஏறுவதில்லை, ஓடுவதில்லை. இதற்கா இத்தனை பாராட்டு? சண்டைக்கு வரவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

பழைய_ரெக்கார்டு

எதில் கேட்டீர்கள்? ஃபோன் ஸ்பீக்கரிலா?

கேள்வியன்

பெரும்பாலும் ஆமாம். சமையல் செய்துகொண்டே.

பழைய_ரெக்கார்டு

அப்படியானால் ஹேடனை இன்னும் நீங்கள் கேட்கவே இல்லை. டபுள் பேஸின் கீழ்க் கம்பியைத் திறந்து மீட்டினால் சுமார் 41 ஹெர்ட்ஸ். ஃபோன் ஸ்பீக்கர் அந்த ஆழத்துக்குப் பக்கத்தில்கூடப் போகாது. மேலே எழும் துணை அதிர்வுகளை வைத்து ‘இங்கே ஒரு கீழ் ஸ்வரம் இருக்கிறது’ என்று நம் மூளையே நிரப்பிக்கொள்ளும். எந்த ஸ்வரம் என்று தெரியும், அதன் கனம் தெரியாது. மேல் ஸ்தாயியில் விரைந்து ஓடுகிறவர்கள் ஃபோனிலும் தப்பித்துவிடுவார்கள். ஹேடன் குடியிருந்ததே கீழ்த்தளத்தில். முதலில் நல்ல ஹெட்ஃபோன் ஒன்றை மாட்டுங்கள், அப்புறம் பேசலாம்.

அடித்தளம்

ஹெட்ஃபோன் பேச்சு சரிதான், ஆனால் அது மட்டும் பதிலாகாது. அந்த மனிதர் எங்கிருந்து வந்தார் என்று பார்த்தால் பாதிக் கேள்வி தீரும்.

1937 ஆகஸ்ட் 6இல் அயோவா மாநிலத்து ஷெனன்டோவா என்ற சின்ன ஊரில் பிறந்தார். வீட்டில் எல்லோரும் பாடகர்கள். ஹேடன் குடும்பம் என்ற பெயரிலேயே வானொலியில் கன்ட்ரி பாட்டும் மலைநாட்டுப் பாட்டும் பாடிப் பிழைத்தவர்கள். இவருக்கு இரண்டு வயது நிறைவதற்குள் மைக் முன்னால் நிறுத்திவிட்டார்கள். ‘கவ்பாய் சார்லி’ என்று அறிவிப்பு வேறு. பதினைந்து வயதில் போலியோ வந்தது. தொண்டையையும் முகத் தசைகளையும் தாக்கியது, பாட்டு போயிற்று. அண்ணன் ஜிம்மின் டபுள் பேஸ் வீட்டில் இருந்தது. ஏற்கெனவே அவ்வப்போது எடுத்து வாசித்துக்கொண்டிருந்தவர் அதையே பிடித்துக்கொண்டார்.

குடும்பமாகச் சேர்ந்து பாடும்போது ஒருவர் மெட்டைப் பிடிப்பார், மற்றவர்கள் அதற்கு மேலும் கீழும் ஒத்துப் பாடுவார்கள். மெட்டுக்காரர் ஒரு வார்த்தையை இழுத்தால் நீங்களும் இழுக்க வேண்டும், அவர் மூச்சு வாங்கினால் நீங்களும் நிறுத்த வேண்டும். தாளைப் பார்த்துப் பாடும் வேலையே இல்லை. ஹேடன் பேஸில் கடைசிவரை செய்தது இதைத்தான் என்பது என் கட்சி. கார்ட் (ஒன்றாக ஒலிக்கும் ஸ்வரக் கூட்டம்) என்ன என்று யோசிக்கிறவர் வாசிக்கும் பேஸ் வேறு, மெட்டு எங்கே போகிறது என்று கேட்டபடி வாசிக்கும் பேஸ் வேறு. ‘ஜாஸ்மின்’ ஆல்பத்தை இந்த ஒரு விஷயத்துக்காக மறுபடி கேட்டுப் பாருங்கள். ஜாரெட் ஒரு வரியை நீட்டும்போது ஹேடனின் ஸ்வரமும் நீளும், அவர் சுருக்கினால் இதுவும் சுருங்கும்.

ஸ்டீல்கம்பி

அழகாக எழுதுகிறீர்கள் அண்ணே, ஆனால் இதெல்லாம் பக்தர்கள் சொல்லும் சமாதானம். மெட்டைக் கேட்டு வாசிக்காத நல்ல பேஸ்காரர் யார்? ரே பிரவுன் கேட்கவில்லையா?

என் பக்கம் இது: 1961 ஜூன் 25இல் நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்ட் கிளப்பில் பியானோக்காரர் பில் எவன்ஸுடன் பேஸ்காரர் ஸ்காட் லஃபாரோ வாசித்ததைக் கேளுங்கள். பேஸ் என்பது டிக் டிக் என்று தாளம் காட்டும் வாத்தியம் என்ற கதையை அந்த ஒரே நாளில் முடித்து வைத்தார். மேல் ஸ்தாயியில் கிட்டார் மாதிரிப் பேசுகிறார், பியானோவுக்குக் குறுக்கே புகுந்து பதில் சொல்கிறார். அதற்குப் பதினோரு நாள் கழித்துக் கார் விபத்தில் இறந்துவிட்டார். வயது 25. ஹேடன் அவரைப்போல அல்லாமல் 76 வயது வரை வாழ்ந்து, கடைசிவரை அதே அடி ஸ்வரங்களில் நின்றார். வேகம் கிடையாது, வில் எடுப்பது அபூர்வம். விரல் வேலை என்று பார்த்தால் அவர் தலைமுறையில் அவரைவிடப் பல படி மேலே பலர் இருந்தார்கள். இதைச் சொன்னால் ‘ஆழம்’ என்று ஒரே வார்த்தையில் வாயை அடைத்துவிடுகிறார்கள்.

மெல்லிசை_மதி

போலியோவால்தான் அவரால் வேகமாக வாசிக்க முடியவில்லை என்று எங்கோ படித்தேனே?

அடித்தளம்

இல்லை மதி, இது பரவலாகச் சுற்றும் கதை. இளவயதில் வந்த போலியோ தாக்கியது தொண்டையையும் முகத்தையும். கைகளுக்கு ஒன்றும் இல்லை. வேகம் வேண்டுமானால் சாக்ஸபோன்காரர் ஆர்னெட் கோல்மன் குழுவின் 1959 ரெக்கார்டிங்குகளைக் கேளுங்கள், டிரம்ஸில் பில்லி ஹிக்கின்ஸ் பறக்கும்போது ஹேடன் ஒரு அடிகூடப் பின்தங்குவதில்லை. போலியோவின் பின்விளைவுகள் திரும்பி வந்து படுத்தியது வாழ்நாளின் கடைசி வருடங்களில். 2014 ஜூலை 11இல் லாஸ் ஏஞ்சல்ஸில் காலமானார்.

ஸ்டீல்கம்பி, லஃபாரோ விஷயத்துக்கு வருகிறேன். அவரும் ஹேடனும் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரே வீட்டில் அறைவாசிகளாக இருந்தவர்கள் என்பது தெரியுமா? ஒருவர் வாசிப்பது இன்னொருவருக்கு அத்துப்படி. லஃபாரோவின் வேகத்தைப் பக்கத்து அறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தும் ஹேடன் அந்த வழியில் போகவில்லை. தெரியாமல் விட்டார் என்று எப்படிச் சொல்வது?

ஸ்டீல்கம்பி

தெரிந்து விட்டாரா, முடியாமல் விட்டாரா என்பதுதானே கேள்வியே.

பழைய_ரெக்கார்டு

இதற்கு வாய்ச்சண்டை வேண்டாம், ஒரு ரெக்கார்டே இருக்கிறது. 1960 டிசம்பர் 21இல் பதிவான ‘ஃப்ரீ ஜாஸ்’. ஆர்னெட் கோல்மன் இரண்டு நால்வர் குழுக்களை ஒரே நேரத்தில் வாசிக்க விட்டார், கிட்டத்தட்ட 37 நிமிடம். ஸ்டீரியோவில் இடது பக்கம் ஆர்னெட், டான் செர்ரி, லஃபாரோ, பில்லி ஹிக்கின்ஸ். வலது பக்கம் ஃப்ரெட்டி ஹப்பர்ட், எரிக் டால்ஃபி, ஹேடன், எட் பிளாக்வெல். ஹெட்ஃபோனில் கேட்டால் இடது காதில் ஒரு பேஸ், வலது காதில் ஒரு பேஸ்.

இடது காதுக்காரர் மேலே ஏறி இறங்கி, குறுக்கே பாய்ந்து, சரம் சரமாக ஸ்வரங்களைக் கொட்டுவார். வலது காதுக்காரர் கீழே நின்றபடி நடப்பார், அவ்வப்போது ஒரே ஸ்வரத்தைத் திரும்பத் திரும்ப அடித்து நிற்பார். ஊதுபவர்கள் எல்லோரும் ஓய்ந்தபின் கடைசிப் பக்கம் இரண்டு பேஸ்களுக்குமான இடம் வரும். அங்கே ஒரு காதை மூடிக்கொண்டு ஒருமுறை, மற்றதை மூடிக்கொண்டு இன்னொருமுறை கேளுங்கள். லஃபாரோவைத் தனியாகக் கேட்டால் அருமையாக இருக்கும். ஹேடனைத் தனியாகக் கேட்டால் சாதாரணம்போலத் தோன்றும். இரண்டையும் சேர்த்தால், லஃபாரோ அப்படித் திரிவதற்குத் தரை போட்டுக் கொடுப்பது யார் என்று தெரிந்துவிடும்.

ஸ்டீல்கம்பி

அதே ஆர்னெட், ஹேடன் போனபின் லஃபாரோவை மட்டும் வைத்து 1961 ஜனவரியில் ‘ஆர்னெட்!’ என்று ஒரு ஆல்பம் செய்தார். தரை போட ஆள் இல்லாமல் அந்த ஆல்பம் ஒன்றும் இடிந்து விழவில்லையே.

அடித்தளம்

விழவில்லை. நல்ல ஆல்பம்தான். ஆனால் அதையும் ஹேடன் வாசித்த ‘த ஷேப் ஆஃப் ஜாஸ் டு கம்’ ஆல்பத்தையும் அடுத்தடுத்து போட்டால் குழு வேறு மாதிரி நிற்பது கேட்கும். லஃபாரோ ஆர்னெட்டோடு ஓட்டப்பந்தயத்தில் இருக்கிறார். ஹேடனோ ஆர்னெட் எங்கே போனாலும் அது ஊர்தான் என்று காட்டுகிறார்.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஹேடனின் முழுப் பங்களிப்பும் இங்கேதான் இருக்கிறது.

1957இல் வெஸ்ட்லேக் இசைக் கல்லூரியில் படிக்க லாஸ் ஏஞ்சல்ஸ் வந்தார். ஆர்ட் பெப்பர், ஹாம்ப்டன் ஹாவ்ஸ், பால் பிளே ஆகியோரோடு வாசித்தார். அப்புறம் ஒரு கிளப்பில் வெள்ளை நிற பிளாஸ்டிக் சாக்ஸபோனோடு ஒருவர் மேடையேறி வாசிக்க, கொஞ்ச நேரத்திலேயே போதும் என்று நிறுத்திவிட்டார்கள். அவர்தான் ஆர்னெட். ஹேடன் அவரைத் தேடிக் கண்டுபிடித்து, அவர் வீட்டுக்கே போய் நாளெல்லாம் வாசித்த கதையைப் பேட்டிகளில் பலமுறை சொல்லியிருக்கிறார். அறை முழுக்க எழுதிய தாள்கள் சிதறிக் கிடந்தனவாம். ஆர்னெட் ஒன்றை எடுத்துக் கொடுத்து, மெட்டு வரும்போது இந்தக் கார்ட்களை வாசி, நான் சோலோவுக்குள் போனதும் என்னைக் கேட்டு உன்னுடையதைப் போடு என்கிற பொருளில் சொன்னாராம்.

அந்தக் குழுவில் பியானோ இல்லை. ஆர்னெட்டும் டான் செர்ரியும் ஒவ்வொரு ஸ்வரமாக ஊதுபவர்கள். ஆக, கார்ட் என்று ஒன்று அங்கே கேட்கிறதென்றால் அது பேஸ் போடும் ஸ்வரத்தால்தான். ஆர்னெட் ஒரு ஸ்வரம் ஊதுகிறார் என்று வையுங்கள். கீழே ஹேடன் எதை வைக்கிறாரோ அதைப் பொறுத்து அதே ஸ்வரம் சிரிக்கும் அல்லது அழும். முன்கூட்டியே எழுதிய பாதை கிடையாது. கணத்துக்குக் கணம் கேட்டு, ஆர்னெட் சுருதி மாறிவிட்டாரா, அல்லது மாறப்போவதுபோல் போக்குக் காட்டுகிறாரா என்று முடிவெடுத்து, அதற்குள் ஒரு கீழ் ஸ்வரத்தை வைக்க வேண்டும். தவறான இடத்தில் வைத்தால் எல்லோரும் சேர்ந்து கவிழ்வார்கள். இந்த வேலையில் இருப்பவர் இருபது ஸ்வரம் போட்டால் ஒன்றும் புரியாது. நாலு போட்டு நாலும் சரியாக இருக்க வேண்டும்.

அந்தக் குழுவின் ‘லோன்லி வுமன்’ தொடக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் வருவதே பேஸ். ஒரு கம்பி ஒரே ஸ்வரத்தில் ரீங்கரித்து நிற்கிறது, பக்கத்துக் கம்பியில் இன்னொரு வரி மெல்ல நகர்கிறது, இரண்டும் ஒரே கையில். ஹிக்கின்ஸின் சிம்பல் (டிரம்ஸின் உலோகத் தட்டு) அதற்குச் சம்பந்தமே இல்லாத வேகத்தில் ஓடுகிறது. அதன் மேல் சாக்ஸபோனும் டிரம்பெட்டும் எந்தத் தாளத்துக்கும் கட்டுப்படாமல், ஒப்பாரி மாதிரி இழுத்து வருகின்றன. மூன்று வேகங்கள். நடுவில் இருப்பவர் ஹேடன். அவர் சிம்பல் பக்கம் சாய்ந்தால் மெட்டு அவசரப்படும், மெட்டுப் பக்கம் சாய்ந்தால் சிம்பல் அனாதையாகும். அவர் இரண்டு பக்கமும் சாயவில்லை. 1959இல், 21 வயதில்.

கேள்வியன்

இப்போதுதான் ஹெட்ஃபோனில் ‘லோன்லி வுமன்’ கேட்டேன். அந்த ரீங்காரத்தைக் கவனித்தேன். ‘ஜாஸ்மின்’ வாசித்தவரும் இவரும் ஒரே ஆள் என்று நம்ப முடியவில்லை. இன்னும் சொல்லுங்கள்.

பழைய_ரெக்கார்டு

அந்தக் குழு 1959 நவம்பர் 17இல் நியூயார்க்கின் ஃபைவ் ஸ்பாட் கிளப்பில் இறங்கியது. ஜாஸ் உலகமே இரண்டாகப் பிளந்தது என்று சொல்லலாம். பாதிப் பேர் மேதை என்றார்கள், மீதிப் பேர் ஏமாற்று வேலை என்றார்கள். ஹேடன் கண்ணை மூடிக்கொண்டு வாசிப்பவர். ஒரு இரவு கண்ணைத் திறந்தால் யாரோ ஒருவர் மேடையில் ஏறி, பேஸின் துளையில் காதை வைத்துக்கொண்டு நிற்கிறார். யாரப்பா இது, இறக்கிவிடு என்கிற மாதிரி ஆர்னெட்டைப் பார்க்க, அவர் சொன்னாராம்: அது லெனர்ட் பெர்ன்ஸ்டைன். சிம்ஃபொனி இசைக்குழுக்களை நடத்திய பெரும்புள்ளி.

கம்பி பற்றியும் ஒரு வார்த்தை. 60களுக்குப் பிறகு பேஸ்காரர்கள் பெரும்பாலும் எஃகுக் கம்பிக்கும், சத்தத்தை ஒலிபெருக்கிக்கு அனுப்பும் பிக்கப்புக்கும் மாறினார்கள். கம்பி பலகைக்கு நெருக்கமாக இறங்கியது, சத்தம் நீண்டது, விரல் ஓட்டம் சுலபமானது. ஹேடன் மேல் இரண்டு கம்பிகளுக்கும் ஆட்டுக்குடலில் திரித்த பழைய நரம்பையே வைத்துக்கொண்டார், கீழ் இரண்டும் எஃகு. நரம்பில் ஸ்வரம் தடித்து எழும், சீக்கிரம் தணியும், மரத்தின் சத்தம் கூடவே வரும். வாத்தியமும் சாதாரணம் இல்லை, 19ஆம் நூற்றாண்டு பிரெஞ்சுக் கைவினைஞர் வியோம் பட்டறையில் செய்தது. ஹேடன் ஸ்வரத்தை அமுக்கிப் பிடித்து லேசாக அசைப்பதைக் கவனியுங்கள். பாடுகிறவர் நெடிலை இழுத்து ஆட்டுவதுபோல இருக்கும்.

மெல்லிசை_மதி

அவர் வாசிக்கும் விதமே தனி. வீடியோவில் பார்த்தால் பேஸின் கழுத்தோடு காதை ஒட்டிக்கொண்டு குனிந்து, முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருப்பார். பல மேடைகளில் டிரம்ஸுக்கும் அவருக்கும் நடுவில் கண்ணாடி மாதிரித் தடுப்பு இருக்கும். அது ஏன்?

பழைய_ரெக்கார்டு

காது இரைச்சல் நோய். சாதாரணச் சத்தமே வலிக்கும் அளவுக்கு காது கூசும் தொந்தரவும் சேர்ந்துகொண்டது. சிம்பல் சத்தம் நேராக வந்து அறையாமல் இருக்கத்தான் அந்தத் தடுப்பு.

ஸ்டீல்கம்பி

சரி, 1959 ஹேடனை ஒப்புக்கொள்கிறேன். எனக்குப் பிரச்சினை பின்னால் வந்தவரோடு. 1986இல் குவார்ட்டெட் வெஸ்ட் என்று ஆரம்பித்து, 40களின் ஹாலிவுட் துப்பறியும் படங்களுக்குப் பின்னணி வாசிப்பதுபோல ஒரே ஏக்கப் பெருமூச்சு. ‘ஹாண்டட் ஹார்ட்’ ஆல்பத்தில் ஜோ ஸ்டாஃபோர்ட், பில்லி ஹாலிடே ஆகியோரின் பழைய ரெக்கார்டிங்குகளையே எடுத்து ஒட்டிவிட்டார்கள். புரட்சிக் குழுவில் இருந்தவர் ஏன் பழம்பாட்டில் போய் உட்கார வேண்டும்?

மெல்லிசை_மதி

நான் அந்த ஆல்பத்தில்தான் ஜாஸுக்குள்ளேயே வந்தேன், அதனால் என்னைத் திட்டுவதுபோல இருக்கிறது :)

எர்னி வாட்ஸின் சாக்ஸபோன் முடிந்து, அப்படியே அந்தப் பழைய குரல் எழும்போது யார் ஒட்டினார்கள், எங்கே ஒட்டினார்கள் என்றெல்லாம் தோன்றவில்லை. அவர் குடும்பமே வானொலியில் பாடிய குடும்பம் என்று மேலே எழுதியிருக்கிறார்கள். வானொலிக் குரல்களுக்குப் போய்ச் சேர்ந்ததில் என்ன ஆச்சரியம்?

அடித்தளம்

ஸ்டீல்கம்பி சொல்வதில் கொஞ்சம் உண்மை உண்டு. குவார்ட்டெட் வெஸ்ட் ஆல்பங்கள் எல்லாமே ஒரே தரம் என்று நானும் சொல்ல மாட்டேன். சிலவற்றில் சர்க்கரை தூக்கல். ஆனால் ‘புரட்சி முதலில், பழம்பாட்டு பிறகு’ என்று அவர் வாழ்க்கையை இரண்டாக வெட்ட முடியாது. 1959 அக்டோபரில் பதிவான ‘ராம்ப்ளின்’ கேளுங்கள், ஆர்னெட்டின் குழுதான். ஹேடனின் சோலோவில் என்ன வருகிறது? ‘ஓல்ட் ஜோ கிளார்க்’, அப்பட்டமான மலைநாட்டு ஆட்டப்பாட்டு. கவ்பாய் சார்லி உள்ளேதான் இருந்தார். அந்த சோலோ வரியை 1977இல் இங்கிலாந்தின் இயன் டியூரி தன் ராக் பாட்டுக்கு எடுத்துக்கொண்டார், அது வேறு கதை.

கேள்வியன்

1960க்கும் 86க்கும் நடுவில் என்ன ஆனார்? லஃபாரோ அவர் இடத்துக்கு வந்தது ஏன்?

பழைய_ரெக்கார்டு

போதை மருந்து. அதனால்தான் ஆர்னெட் குழுவிலிருந்து விலக வேண்டியதாயிற்று. சினனான் மறுவாழ்வு இல்லத்தில் இருந்து மீண்டார். 60களின் நடுவில் திரும்பி வந்து ஆர்னெட்டோடும் சேர்ந்தார், கீத் ஜாரெட்டோடும் சேர்ந்தார். ஜாரெட், ஹேடன், டிரம்ஸ்காரர் பால் மோட்டியன் மூவரும் 1967இல் முதல் ஆல்பம் பதிந்தார்கள். பின்னால் சாக்ஸபோன்காரர் டூயி ரெட்மன் சேர்ந்து அது நால்வர் குழுவாகி, 1976 வரை ஓடியது. பிறகு ஜாரெட்டும் இவரும் முப்பது வருடம் சேர்ந்து வாசிக்கவில்லை. ஹேடனைப் பற்றிய ஆவணப்படம் ஒன்றுக்காகச் சந்தித்து, 2007இல் ஜாரெட்டின் வீட்டு ஸ்டுடியோவில் உட்கார்ந்து வாசித்தவைதான் நீங்கள் கேட்ட ‘ஜாஸ்மின்’. 2010இல் வெளிவந்தது. அதே பதிவுகளில் மிச்சம் ‘லாஸ்ட் டான்ஸ்’, அவர் இறப்பதற்குக் கொஞ்சம் முன் வந்தது.

நடுவில் மிக முக்கியமானது லிபரேஷன் மியூசிக் ஆர்கெஸ்ட்ரா. 1969இல் வியட்நாம் போரின் கோபத்தில் தொடங்கியது. இசைக் கோப்பு கார்லா பிளே. ஸ்பெயின் உள்நாட்டுப் போர்க் காலப் பாட்டுகள், சே குவேராவுக்காக ஹேடன் எழுதிய ‘சாங் ஃபார் சே’, 1968 சிகாகோ ஜனநாயகக் கட்சி மாநாட்டுக் கூச்சலை வைத்து ஒரு துண்டு, எல்லாம் உண்டு.

மட்டுறுத்துநர்

நண்பர்களே, இழை நன்றாகப் போகிறது. அரசியல் பக்கம் திரும்பிவிட வேண்டாம். விதி 4.

பழைய_ரெக்கார்டு

ஐயா, விதியை மதிக்கிறேன், ஆனால் ஹேடனை வைத்துக்கொண்டு இந்த விதியைக் காப்பாற்றுவது கஷ்டம். 1971 நவம்பரில் ஆர்னெட் குழு போர்ச்சுகலின் கஷ்கைஷ் ஊர் விழாவில் வாசித்தது. அப்போது அங்கே சர்வாதிகார ஆட்சி, ஆப்பிரிக்கக் காலனிகளில் போர் நடக்கிறது. ஹேடன் மைக்கைப் பிடித்து, ‘சாங் ஃபார் சே’யை மொசாம்பிக், கினி, அங்கோலா கறுப்பின மக்களின் விடுதலை இயக்கங்களுக்குக் காணிக்கையாக்குகிறேன் என்று அறிவித்தார். மறுநாள் லிஸ்பன் விமான நிலையத்தில் ரகசியப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய் விசாரித்தது. அமெரிக்கத் தூதரகம் தலையிட்டு மீட்டது. இது அவர் தொழில் வாழ்க்கையில் நடந்தது, எப்படி விடுவது?

மட்டுறுத்துநர்

சரி, 1971 வரை அனுமதி.

அடித்தளம்

:) அந்த ஆர்கெஸ்ட்ரா பதிவுகளின் வருடங்களைப் பார்த்தால் ஒன்று தெரியும்: 1969, 1982, 1990, 2004. நிக்சன், ரீகன், மூத்த புஷ், இளைய புஷ். குடியரசுக் கட்சி அதிபர் வந்தால் ஹேடன் ஆட்களைக் கூட்டிவிடுவார். 1971ஐத் தாண்டிவிட்டேன், மட்டுறுத்துநர் மன்னிக்க.

வாசிப்புக்கு வருகிறேன். ‘சாங் ஃபார் சே’யில் பேஸ் தனியாக நிற்கும் பகுதியைக் கேட்டால் அவருடைய சரக்கு முழுக்க ஒரே இடத்தில் கிடைக்கும். மெட்டைச் சும்மா பாடிக் காட்டுவதுபோலத் தொடங்குவார், கொஞ்சமும் அலங்காரம் கிடையாது. பிறகு இரண்டு கம்பிகளைச் சேர்த்து அமுக்குவார். பிறகு கிட்டாரில் ஸ்பானியர்கள் செய்வதுபோலக் கம்பிகளை மொத்தமாக வருடி அடிப்பார். டபுள் பேஸின் தடித்த கம்பிகளில் அப்படிச் செய்வது விரல் தோலை உரிக்கும் வேலை. இதைத் திறமைக் குறைவு என்று யாராவது சொன்னால் எனக்குப் பதில் தெரியாது.

ஸ்டீல்கம்பி

திறமைக் குறைவு என்று சொல்லவில்லை. தெரிவு குறுகியது என்றேன். ‘சாங் ஃபார் சே’ எனக்கும் பிடிக்கும், அந்த வருடும் அடியில் மரம் அதிர்வது கேட்கும். ஆனால் அதே யுக்தி அவருடைய பல தனி வாசிப்புகளில் திரும்பத் திரும்ப வருகிறது. ரீங்காரம், இரட்டைக் கம்பி, வருடல். டேவ் ஹாலண்டின் தனி பேஸ் வாசிப்பைக் கேட்டால் ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு கேள்வியை எடுத்துக்கொள்ளும்.

அடித்தளம்

இது நியாயமான விமர்சனம். தனியாக விட்டால் ஹேடனுக்குப் பொருள் குறைவுதான். பக்கத்தில் ஆள் வேண்டும் அவருக்கு. அதனால்தான் இருவர் வாசிப்பில் அவரை அடிக்க ஆள் கிடையாது என்கிறேன். 1976இல் வந்த ‘குளோஸ்னஸ்’ ஆல்பத்தில் நாலே துண்டு, நாலு பேரோடு: ஜாரெட், ஆர்னெட், ஹார்ப் வாசிக்கும் ஆலிஸ் கோல்ட்ரேன், மோட்டியன். ஆர்னெட்டோடு துடுக்காக வம்பிழுக்கிறார். ஆலிஸின் ஹார்ப் அலையலையாக வரும்போது கீழே நீளமான ஸ்வரங்களை வைத்துவிட்டு ஒதுங்குகிறார். ஒரே ஆல்பத்தில் நாலு ஹேடன்கள் என்று தோன்றும், பக்கத்து ஆளைப் பொறுத்து மாறுவதால். பியானோ மேதை ஹாங்க் ஜோன்ஸோடு தேவாலயப் பாட்டுகளை வாசித்து 1995இல் வந்த ‘ஸ்டீல் அவே’ இன்னொன்று. அதில் சில இடங்களில் பேஸ் செய்வது கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. அதை எடுத்துவிட்டால் பாட்டும் இல்லை.

மெல்லிசை_மதி

கிட்டார்காரர் பாட் மெத்தீனியோடு வாசித்த ‘பியாண்ட் த மிசூரி ஸ்கை’ யாருமே சொல்லவில்லையே! 1997இல் வந்தது, கிராமி வாங்கியது. இருவரும் மிசூரிப் பக்கம் வளர்ந்தவர்கள். ராத்திரி பஸ்ஸில் போகும்போது கேட்க அதைவிட நல்ல ஆல்பம் எனக்குத் தெரியாது. கடைசிப் பக்கம் வரும் ‘ஸ்பிரிச்சுவல்’ ஹேடனின் மகன் ஜோஷ் எழுதிய பாட்டு. கன்ட்ரி பாடகர் ஜானி கேஷ்கூட அதைப் பாடியிருக்கிறார்.

2008இல் ‘ராம்ப்ளிங் பாய்’ என்று மனைவி, மகன், மூன்று மகள்கள் எல்லோரையும் கூட்டி வைத்து முழுக்க கன்ட்ரி ஆல்பம் ஒன்று செய்தார். அதில் 1939இன் ஹேடன் குடும்ப வானொலி நிகழ்ச்சித் துண்டும் உண்டு, கடைசியில் அவரே ‘ஷெனன்டோவா’ பாடவும் செய்கிறார். குரல் உடைந்துதான் இருக்கிறது, ஆனால் ஸ்வரம் விலகவில்லை.

கேள்வியன்

குறித்துக்கொண்டேன். ‘ஃப்ரீ ஜாஸ்’ ஒருமுறை கேட்டேன், காதை மூடிக் கேட்கும் அளவுக்கு இன்னும் வரவில்லை, தலை சுற்றுகிறது. பேஸ் கற்கிறவர்கள் ஹேடனிடம் என்ன எடுத்துக்கொள்கிறார்கள்? அவர் பாடம் நடத்தியிருக்கிறாரா?

அடித்தளம்

1982இல் கலிஃபோர்னியா கலைக் கல்லூரியான கால்ஆர்ட்ஸில் ஜாஸ் துறையைத் தொடங்கியவரே அவர்தான். ஸ்காட் காலி போன்ற பேஸ்காரர்கள் அவரிடம் படித்தவர்கள்.

என்ன எடுத்துக்கொள்வது என்று கேட்டால், நான் பழகுபவர்களிடம் சொல்வது இது: ஹேடன் வாசித்த ஏதாவது ஒரு மெதுவான பாட்டை எடுத்து, அவருடைய வரியை மட்டும் அப்படியே வாசித்துப் பாருங்கள். விரலுக்கு ஒன்றும் கஷ்டம் இருக்காது, முதல் முயற்சியிலேயே ஸ்வரங்கள் வந்துவிடும். ஆனால் அவர் விட்ட இடத்தில் விடுவது வராது. கை தானாக ஒரு ஸ்வரத்தைச் சேர்க்கும். அந்தக் கையைக் கட்டத்தான் பழக்கம் வேண்டும்.

ஸ்டீல்கம்பி

நான் என் கட்சியை மாற்றவில்லை, லஃபாரோதான். ஆனால் ஹேடன் பிரியர்கள் யாரும் இங்கே சொல்லாத ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறேன், நானே சொல்ல வேண்டியிருக்கிறதே என்ற கடுப்போடு. 1994இல் ஜிஞ்சர் பேக்கர், பில் ஃப்ரிசெல், ஹேடன் மூவரும் ‘கோயிங் பேக் ஹோம்’ பதிந்தார்கள். அதில் ‘ராம்ப்ளின்’ மறுபடி வருகிறது. டிரம்ஸில் கிரீம் என்ற ராக் குழுவின் ஆளான பேக்கர், கிட்டாரில் ஃப்ரிசெல். 1959 பதிவையும் அதையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். பேக்கர் எவ்வளவு இடித்தாலும் பேஸ் அசைய மறுக்கிறது, கடைசியில் பேக்கர்தான் வழிக்கு வருகிறார்.

பழைய_ரெக்கார்டு

அடடா, அதை மறந்தே போனோம். அதில் ‘ஸ்பிரிச்சுவல்’ பாட்டும் இருக்கிறது மதி, கேளுங்கள்.

மெல்லிசை_மதி

போட்டுவிட்டேன். டிரம்ஸ் கொஞ்சம் சத்தம்தான்.